அய்யர் பங்களா வீட்டு வேகன்ஆர்

மதுரை
கார்த்திகை, 2025

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. புனேயை விட்டு ஊருக்கு வரும்போது ஓட்ட, இங்கே அய்யர் பங்களா பகுதியில் விற்பனைக்கு நிற்கிற பழைய காரை வாங்கலாமா என்று வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியில் கேட்கக்கூடியதை இங்க் பேனாவில் நாலு பக்கம் எழுதி அனுப்ப உன்னால்தான் முடியும். அந்த மரியாதைக்காகவே நானும் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். உசிலம்பட்டிக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். நடமாட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கண்தான் மங்கல். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அரவிந்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று உன் தம்பி சொன்னான். அம்மாவோ, "பெரியவன் வரட்டும், அவன் கார்லதான் போவேன்" என்று ஒரே பிடிவாதம். இன்னும் வாங்காத காரைத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே "கார் என்ன கலரு?" என்று கேட்கிறார்.

இங்கே பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தேனிப் பக்கத்து ஜாதகம் ஒன்று பொருந்துகிறமாதிரி தெரிகிறது. முடிவானால் முதல் போன் உனக்குத்தான். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பூ வரத்து குறைந்து மல்லிகை விலை ஏறிவிட்டது. முழம் கேட்டால் பூக்காரம்மா கையை அளக்கிற லட்சணமே மாறிவிட்டது. மற்றபடி சௌக்கியம்.

இனி கார்.

நீ சொன்ன அய்யர் பங்களா வீட்டுக்கு, பஸ் டெப்போவில் என்னோடு வேலை பார்த்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது விளாங்குடியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வண்டி 2016 மாடல் வேகன்ஆர், வெள்ளை, டிஎன் 59 நம்பர். மீட்டரில் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர். வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். சித்திரைத் திருவிழா முடிந்த கொஞ்ச நாளில் தவறிவிட்டார். அன்றைக்கு நின்ற வண்டி, இன்னும் அதே போர்டிகோவில் நிற்கிறது. மகன் அமெரிக்காவில். அந்த அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூணேகால் லட்சம் சொல்கிறார்கள்.

"ஒன்பது வருஷத்துல முப்பத்தோராயிரம்தான், கிட்டத்தட்டப் புது வண்டி" என்று எழுதியிருக்கிறாய். இது நீ சொல்வதில்லை, புரோக்கர் உன் வாயில் போட்டது. ஓடாத வண்டி தேயாது என்பது பாதிதான் சரி. இரும்பு தேயாது, ஒத்துக்கொள்கிறேன். ரப்பர், ஆயில், பெட்ரோல், பேட்டரி எல்லாம் மீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை, காலண்டரைப் பார்த்துக் கெடுகின்றன. அதனால் நின்ற வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, அது நின்ற இடத்தை. ஏழு மாதமா எட்டு மாதமா என்பது அவ்வளவு முக்கியமில்லை. எங்கே நின்றது, எதன் மேல் நின்றது, எதற்காக நின்றது, இந்த மூன்றும் தெரிந்தால் வண்டியைப் பற்றி முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

இடம் மோசமில்லை. மேலே கான்கிரீட், கீழே சிமெண்ட் தரை. மண் தரையில் நின்றிருந்தால் அடியில் ஈரம் ஏறி சைலன்சரும் பிரேக் பைப்பும் துருப்பிடித்திருக்கும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவில்லை, அதுவும் நல்லதே. காற்றுப் போகாத கவர் மழைக்காலத்து ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் தரையை டார்ச் அடித்துப் பார்த்தோம். ஆயில் கறை இல்லை, கூலண்ட் சொட்டிய தடம் இல்லை. காலைவெயில் வலது பக்கம் மட்டும் சரிந்து விழுகிறது, அதனால் அந்தப் பக்கத்து ரெண்டு டயரிலும் வெடிப்பு அதிகம். வாசலில் வேப்பமரம். வைப்பருக்குக் கீழே இருக்கிற தட்டில் ஒரு கூடை சருகு. அதை அள்ளாமல் விட்டால் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்து, மழைத்தண்ணீர் நேரே கால் வைக்கிற இடத்துக்கு வரும். போர்டிகோவுக்குள் நின்றதால் இது தப்பித்தது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எலிப் புழுக்கை. அதைப் பார்த்ததும் மெக்கானிக் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அந்த அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மாசம் ஒருதரம் டிரைவர் வந்து ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டுப் போவாருங்க, மகன் அவருக்குப் பணம் அனுப்பிடுறான்" என்றார். பாவம், அவர் நம்பித்தான் சொல்கிறார். பானெட்டைத் திறந்து ஏர் பில்டர் டப்பாவைக் கழற்றினோம். உள்ளே எலி முழு வீடு கட்டியிருக்கிறது. தேங்காய் நார், சீட்டுப் பஞ்சு, வேர்க்கடலைத் தோல், அதோடு வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழித்துப்போட்ட தாள்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் தேதி தெளிவாகத் தெரிகிறது. ஆடி மாதத் தாள்தான் இருப்பதிலேயே பழசு. அந்தக் கூடு இருக்கும்போது எஞ்சின் ஓடியிருந்தால் அவ்வளவும் பில்டரோடு ஒட்டிக் கசங்கியிருக்கும். தாளில் மடிப்புகூடக் கலையவில்லை. ஆக, ஆடியில் இருந்தாவது இந்த வண்டியில் சாவி திரும்பவில்லை. டிரைவர் சம்பளம் மட்டும் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. மகனிடம் நீ பேசும்போது பக்குவமாகச் சொல்.

அப்படியே அந்த டிரைவர் வந்து ஸ்டார்ட் செய்திருந்தாலும் பெரிய புண்ணியமில்லை. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பது வண்டிக்கு நல்லது என்று ஊரே நம்புகிறது. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால், எரிந்ததில் உண்டாகிற தண்ணீர் ஆவியாகி வெளியே போகாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கவும் அந்த ஐந்து நிமிஷம் பத்தாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டெப்போவில் பஸ் எல்லாம் வரிசையாக நின்றதே, அப்போது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். டெப்போவுக்குள்ளேயே சுற்றி ஓட்டி நிறுத்திய பஸ் ஒழுங்காக இருந்தது. நின்ற இடத்தில் உறுமின பஸ்ஸில் அடுத்தடுத்துப் பேட்டரி விழுந்தது. வாரத்துக்கு ஒருதரம் அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டினால்தான் கணக்கு.

வயரிங்கை மெக்கானிக் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எலி ரெண்டு இடத்தில் பல்லுப் போட்டிருக்கிறது. வாஷர் தண்ணீர் போகிற ட்யூபும், ஹெட்லைட்டுக்குப் போகிற ஒரு வயரும். எஞ்சின் பக்கத்துப் பெரிய வயர்க்கட்டில் கை வைக்கவில்லை. அதைத் தின்றிருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன். வயர்க்கட்டு முழுசாக மாற்றினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போது நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

பேட்டரி எட்டு வோல்ட் சொச்சம் காட்டியது. நிறைந்த பேட்டரி 12.6 இருக்கவேண்டும். மாசக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. அது போனது போனதுதான். மெக்கானிக் கையோடு வேறு பேட்டரி கொண்டுவந்திருந்தார். ஆனால் உடனே சாவியைத் திருகவில்லை. முதலில் ஆயில் பார்க்கிற டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார். ஆயில் கறுப்பாக இருந்தாலும் பால்நிறம் தட்டவில்லை, தண்ணீர் கலக்கவில்லை என்று அர்த்தம். பிறகு டேங்க்கில் இருந்த பழைய பெட்ரோலைக் கேனில் இறக்கினார். பெட்ரோல் வாசமே இல்லை, வார்னிஷ் நெடி. இப்போது பங்கில் ஊற்றுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நாளானால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் நிற்கும். அந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பரோடு வண்டிகள் வர ஆரம்பித்ததே 2023 ஏப்ரலில் இருந்துதான். இது 2016 வண்டி. ஆகவே பெட்ரோல் ஹோஸ்களையும் ஒருதரம் மாற்றிவிடுவது நல்லது.

புதுப் பெட்ரோல் ஊற்றிவிட்டு, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ப் மோட்டாரை மட்டும் சும்மா அடித்தார். கொஞ்சம் விட்டு மறுபடி. மாசக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஆயில் முழுக்க அடியில் இறங்கி, மேலே இரும்பும் இரும்பும் வறண்டு கிடக்கும். எரியாமல் சுற்றினால் ஆயில் மேலே ஏறிக்கொள்ளும். அப்புறம் ஃபியூஸை மாட்டி சாவியைத் திருகினார். முதலில் இருமியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப்புகை கொஞ்ச நேரம் வந்து அடங்கியது. சத்தம் சுத்தம். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். பெல்ட் காய்ந்து அறுந்துபோகும் என்ற பயம் இதில் கிடையாது. ஓடும்போது பதினாலு வோல்ட் காட்டியது, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரும் சரி.

ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றிருந்ததால் பின்சக்கரம் ரெண்டும் பிடித்துக்கொண்டன. ரிவர்ஸ் போட்டுத் தட்டியதும் 'டக்'கென்று விட்டது. பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்றார் மெக்கானிக். முன் டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் துரு. மேலோட்டமானதுதான், நாலு பிரேக் அடித்தால் போய்விடும். ஏசியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. நாளாக ஓடாமல் இருந்தால் சீல் காய்ந்து கேஸ் இறங்கிவிடும். கேஸ் ஏற்றி, நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

டயரைச் சொல்லவேண்டும். நீ போட்டோவைப் பார்த்து "டயர் புதுசு" என்று சந்தோஷப்பட்டாய். ரோட்டில் படுகிற பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், அதைப் படிக்கவேண்டும். இதில் 2316. அதாவது 2016ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. வண்டியோடு பிறந்த டயர். ஒன்பது வருஷ ரப்பரை நம்பி, சித்திரை வெயிலில் அம்மாவை உட்காரவைத்துச் செக்கானூரணி ரோட்டில் போகமுடியாது. அதோடு ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றதில் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். நாலையும் மாற்று, பேசவே வேண்டாம். ஒரு லாபம், மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதற்கு இந்த டயரே சாட்சி. பெடல் ரப்பரும் தேயவில்லை.

ரோட்டில் எடுத்து ஓட்டிப் பார்க்கவில்லை. ஏனென்றால் இன்சூரன்ஸ் ஜூலையிலேயே முடிந்துவிட்டது. வாசலைத் தாண்டினால் நத்தம் ரோடு, எவனாவது டூவீலரில் குறுக்கே வந்து விழுந்தால் நீயும் நானும் கோர்ட்டு வாசலில். காம்பவுண்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தினோம். கிளட்ச், கியர் விழுகிறது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங் நடுக்கம் இதெல்லாம் ரோட்டில்தான் தெரியும்.

உண்மையான சிக்கல் இங்கேதான் மாப்ள. ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, இறந்தவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30ல் விற்பவர் கையெழுத்துப் போடவேண்டும். விற்பவர் இல்லை. புரோக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார், கையெழுத்து ரெடி பண்ணிடலாம்" என்கிறார். இறந்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டேன். சிரித்தார். அந்த வழிக்கே நீ போகாதே. நேர் வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கிற வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், நடப்பில் இருக்கிற இன்சூரன்ஸ் எல்லாம் வைத்து ஃபார்ம் 31ல் அந்த அம்மா பெயருக்கு முதலில் ஆர்.சி. மாறவேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்திருக்கவேண்டியது. தாமதத்துக்கு அபராதம் கட்டிவிடலாம். அவர் பெயருக்கு மாறிய பிறகு, பாலிசியும் புகைச் சான்றும் கையில் இருக்க, வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, அதற்கப்புறம் உன் பெயருக்கு 29, 30. கடன் எதுவும் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, அபராதச் சீட்டு பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் என்கிற அரசுத் தளத்தில் பார்த்துவிட்டேன். இரண்டும் இல்லை. 2031 வரை ஆர்.சி. செல்லும்.

"சாரோட நோ கிளெய்ம் போனஸ் அம்பது பர்சன்ட் உங்களுக்கு வரும்" என்றும் புரோக்கர் அடித்துவிட்டார். அது கிளெய்ம் கேட்காத ஆளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி; ஆளோடு போவது, வண்டியோடு வராது. பாலிசி முடிந்து தொண்ணூறு நாள் தாண்டினால் அந்த ஆளுக்கே கிடையாது. எஞ்சின் ஆயிரம் சிசிக்குள் என்பதால், அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய், வரி தனி. இதைக் கட்டாமல் ஒரு நாள்கூட வெளியே எடுக்கக்கூடாது.

இதைச் சொல்லும்போதே ஞாபகம் வருகிறது. புனேயில் நீ விற்ற ஸ்கூட்டரை வாங்கினவன் பெயர் மாற்றிவிட்டானா? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், விபத்து நடந்தால் நஷ்டஈடு அவர் தலையில்தான் என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு வா.

இன்னொரு வண்டி படம் அனுப்பியிருந்தாயே, தூத்துக்குடி நம்பர், டிஎன் 69, 2021 மாடல், பளபளவென்று, விலையோ இதைவிடக் கொஞ்சம்தான் கூட. "ஓனர் வெளிநாடு போய்ட்டார், ரெண்டு வருஷமா ஓடல" என்று போட்டிருக்கிறான். ரெண்டு வருஷம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார். 2023 டிசம்பர் 17, 18ல் அந்தப் பக்கம் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எத்தனை கார் கூரை வரைக்கும் முங்கியது. எல்லா தூத்துக்குடி வண்டியும் முங்கினது என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் சீட் கவர் புதுசு, தரை மேட் புதுசு, உள்ளே வாசனை டப்பா மூணு தொங்குகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட வண்டியைப் பார்க்க நேர்ந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. வழக்கமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தைக் கழுவ எல்லோரும் மறந்துவிடுவார்கள், சேற்றுக்கோடு அதில் இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் வண்டல், இந்த ரெண்டையும் கையால் தடவிப் பார். அய்யர் பங்களா வண்டியில் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதி கடையில் இருந்து வந்த மாதிரி இருக்கிறது.

என் கணக்கு இதுதான். டயர் நாலுக்குப் பதினாலு, பதினஞ்சாயிரம். பேட்டரி நாலரை. ஆயில், பில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் (ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டியது, இவர் எப்போது மாற்றினாரோ), பெட்ரோல் ஹோஸ், பிரேக் வேலை, எலி தின்ற வயர், ஏசி கேஸ், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் என்று மெக்கானிக் சொல்கிறார். நான் இருபது என்று வைத்துக்கொள்கிறேன். ஆக நாற்பதாயிரம் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாததற்கு ஒரு பத்து. மூணேகாலில் அதைக் கழித்து ரெண்டே முக்காலுக்குக் கேள். அந்த அம்மா விலை பேசத் தெரியாதவர் என்பதற்காக அதற்கும் கீழே அமுக்காதே, எனக்கு அது பிடிக்காது. புரோக்கர் கமிஷனை நீ உன் பக்கத்தில் இருந்து கொடுத்துக்கொள். முன்பணம் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் ஆர்.சி. அந்த அம்மா பெயருக்கு வந்த பிறகு, ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் பிடித்தால்தான் மீதி என்று பேப்பரில் எழுதி.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் போட்டுக்கொடுக்க நானே அந்த அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது அவருக்கு ஆகவேண்டிய வேலைதானே. பொங்கலுக்குள் முடியுமா என்று கேட்டால், முடியாது என்றே வைத்துக்கொள். அதனால் அம்மா கண்ணைக் காருக்காகத் தள்ளிப்போடாதே. என் மச்சினன் டாக்சி வைத்திருக்கிறான், அடுத்த வாரமே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருகிறேன். "பெரியவன் அனுப்பின கார்" என்று சொல்லிவிடுகிறேன், கலரைப் பற்றி அது கேட்டால் நீதான் பதில் சொல்லவேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை யோசி. மகள் பிரசவம் அது இது என்று வருஷத்தில் நாலு மாதம் நீ மறுபடி புனேயில் இருப்பாய் என்று தங்கச்சி சொல்கிறது. அப்போது இந்த வண்டி உசிலம்பட்டியில் உன் வீட்டுத் திண்ணை ஓரம், மண் தரையில், புளியமரத்தடியில் நிற்கும். அதே எலி, இல்லையென்றால் அதன் சொந்தபந்தம், உள்ளே குடியேறும். உன் தம்பியிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருதரம் ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் போய்வரச் சொல்லமுடியும் என்றால் வாங்கு. அவன் கையில் வண்டியைக் கொடுக்க மனசு வராது என்றால், வேண்டியபோது டாக்சி எடுப்பதுதான் உனக்கு லாபம். இதில் நான் உனக்காக முடிவெடுக்கமாட்டேன்.

ரெண்டே முக்கால் என்று சொல்லலாமா, கூடாதா என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் போனில் சொல். இதற்கும் நாலு பக்கம் எழுதி அனுப்பாதே, அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவான். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி